வில்லுப்பாட்டு அரங்கில் காலமறிதல்

நாகர்கோவிலுக்குத் தென்மேற்கே கடலையடுத்துள்ள இராஜாக்கமங்கலமும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களும் நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டு மரபு வழங்கும் நிலப்பகுதியைச் சார்ந்தவை. சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன் முதலிய தெய்வங்களுக்கு இந்நாட்டில் எடுக்கப்பெறும் கொடைவிழாவில் வில்லுப்பாட்டு சிறப்பிடம் பெறுவது. அதனைச் செவ்வனே நிகழ்த்துதல் என்பது யாது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள். குரல்வளமும் கதைப்பயிற்சியும் நினைவாற்றலும் பாடுவோர்க்கு வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவை யாவும் ஒருங்கே வாய்த்தவர் பாடியும் கொடை சிறவாமற் போதல் உண்டு. எனவே இவற்றின் வேறாய ஒரு திறன் உளதாதல் வேண்டும். அதனைக் காலமறிதல் எனக் குறிக்கலாம் என்பது எம் கருத்து.

அரங்கக் கலைஞரின் இலக்கணத்தை விரித்துரைக்கும் பழைய நூற்பகுதி சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை என்பதைக் கற்றோர் அறிவர். அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என அளவு கூறும் அக்காதை, ஆடலாசிரியன் முதலாக ஒவ்வொருவர்க்கும் உரிய தகுதியையும் வகுக்கிறது. அவருள் தண்ணுமையாசிரியனுக்கு உரைக்கப்பெற்ற தகுதியே நம் ஆய்வுக்குப் பெரிதும் பயன்படுவது. ஏனைக் கருவிகளின் குறையை நிரப்பியும் மிகுதியை அடக்கியும் செல்பவன் அவன். தன் கருவியில் வல்லனாதல் மட்டும் அவனுக்குப் போதாது. பிறர் செய்வதைக் கேட்டு அதற்கேற்பத் தன்னை அமைத்துக்கொள்ளலும் வேண்டும்.

வில்லுப்பாட்டுக் குழுவில் இத்தகுதி அனைவர்க்கும் வேண்டப்படுகிறது. அண்ணாவி என்றும் புலவர் என்றும் வழங்கப்பெறும் தலைமைப் பாடகர் இரு வீசுகோல்களால் நாணை அடித்துப் பாடுவார். வில்லின் நடுப்பகுதி குடத்தோடு பிணிக்கப்பட்டிருக்கும். குடம், உடுக்கை, தாளம், கட்டை என்பன பிற கருவிகள். பாடுவோர் வலத்தே பாடுவோர், இடத்தே பாடுவோர் என இரு பிரிவினர். அண்ணாவி எடுத்த அடியை மற்றவர் ஏற்று முடிப்பர். அவர் எந்த அடியை மீண்டும் பாடுவார், எதனை விட்டுச் செல்வார் என்பது முன்னர் வரையறுக்கப்பட்டதன்று. கோலின் வேகம் மாறுவதைக் கேட்டே குடத்தார் உணர்தல் வேண்டும்.

இனி, வில்லுப்பாட்டு அரங்கிற்கே உரிய அருமைப்பாடு ஒன்று உண்டு. இங்குக் கேட்போர் மட்டுமேயன்றிக் கோமரத்தாடியும் எதிரே நிற்கிறார். கதையின் குறித்த இடத்தில் அவர்மேல் தெய்வம் இறங்குதல் வேண்டும் என்பது ஊரார் எதிர்பார்ப்பு. கொலையுண்டோ போரிற்பட்டோ தெய்வமானவர் கதைகளில் அவ்விடம் பெரும்பாலும் அவர்தம் இறப்பைப் பாடும் இடமே. நாஞ்சில் நாட்டில் தங்கி இக்கலையை ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் வெளியிட்ட நூலிலும் பிறப்புக் கதை, இறப்புக் கதை என்னும் வேறுபாடு அடிப்படையாக அமைந்துள்ளது. கொடைக்கு உச்சிப்பொழுது, நள்ளிரவு எனப் பூசைக்காலங்கள் உள. கதையின் இறப்புப் பகுதி பூசைக்காலத்தோடு ஒத்து வருதல் வேண்டும். முந்திவிட்டால் படையல் ஆயத்தமாகி இராது. பிந்திவிட்டால் கூடியிருப்போர் தளர்ந்துபோவர். தெய்வம் இறங்காது போயின் ஊரார்க்கு அது இசைக்குறையாக மட்டும் தோன்றுவதில்லை. கொடையே நிறைவெய்தவில்லை என்னும் கவலை அவர்க்கு உண்டாகிறது.

இந்நிலையில் அண்ணாவி செய்வது யாது? கோமரத்தாடியின் உடலில் நடுக்கம் தோன்றுகிறதா என நோக்கியபடியே பாடுகிறார். அதுகாறும் வசனமாக விளக்கி வந்தவர் வசனத்தை விடுத்துப் பாட்டிற்கு மாறுவார், அடிகள் குறுகும், ஓரடியே பன்முறை திரும்பவரும், உடுக்கையும் குடமும் முடுகும். அருள் வந்து ஆட்டம் தொடங்கியபின் மேளம் முழங்கும், வில் ஓய்ந்திருக்கும். ஆட்டம் தணிந்தபின் விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்வதும் எளிய செயலன்று.

முத்துப்பட்டன் கதையைச் சான்றாகக் கொள்வோம். அந்தண இளைஞன் பொம்மக்கா, திம்மக்கா என்னும் இரு பெண்களை மணக்க விழைகிறான். அவர்தம் தந்தையோ, குடுமியையும் பூணூலையும் நீக்கிச் செருப்புத் தைக்கும் தொழிலையும் கற்று வருமாறு அவனுக்கு நிபந்தனை விதிக்கிறான். உரையாடலுக்கும் நகைச்சுவைக்கும் இடந்தரும் இப்பகுதி வேண்டியவாறு நீட்டுதற்கு ஏற்றது. ஆநிரை கவர்ந்தாரோடு பொருது முத்துப்பட்டன் மடியும் பகுதியோ அத்தகையதன்று. அங்கு வேடிக்கை நுழைந்தால் அதுகாறும் திரண்டுவந்த உணர்ச்சி கலைந்துவிடும். நகைக்க வைக்கவல்ல பாடகர்க்கு அந்த ஆற்றலை அடக்கும் இடம் தெரிதலே அரிது!

காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம், நாட்டுவளம், கதைக்கூறு, வாழி என ஆய்வாளர் கூறும் அமைப்பையும் இந்நோக்கில் காண்டல் தகும். நாட்டுவளம் வெறும் மரபலங்காரம் எனச் சிலர் எண்ணுவர். பொழுதை நீட்டவும் குறுக்கவும் பாடகர்க்குக் கைகொடுக்கும் பகுதி அது.

கோயிலை விட்டு மேடைக்கும் வானொலிக்கும் இக்கலை சென்றபோது இந்நிலை மாறிற்று. ஒழுகினசேரியிற் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும், 2022இல் மறைந்த சுப்பு ஆறுமுகமும் வில்லிசையைப் புதிய அவைகளுக்குக் கொண்டுசென்று புகழ்பெற்றவர்கள். அவர்தம் பணியைக் குறைத்து மதிப்பிடுதல் நம் நோக்கமன்று. எனினும் அங்குப் பொழுதை வரையறுப்பது கடிகாரம். எதிரே கோமரத்தாடி இல்லை. ஆதலின் இருவகை அரங்குகளையும் ஒரே அளவுகோலால் அளத்தல் பொருந்தாது.

பதிப்பாசிரியர்க்கும் இதில் நோக்கத்தக்கது ஒன்றுண்டு. நா. வானமாமலை முத்துப்பட்டன் கதையைப் பதிப்பித்து மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் வெளியிட்டபின், கதைப்பாடல்களைப் பாடவேறுபாட்டுடன் பதிப்பிக்கும் முயற்சி வலுப்பெற்றது. ஏட்டில் ஒருமுறை வரும் அடி ஒலிப்பதிவில் பலமுறை வரின், அதனைக் கூறியது கூறல் எனக் களைந்துவிடும் வழக்கம் நம்மிடையே காணப்படுகிறது. அவ்வடி பாடப்பெற்ற நேரம், அப்போது கோமரத்தாடி நின்ற நிலை, கருவிகளின் நடை ஆகியவற்றை ஓரக்குறிப்பாக எழுதிய பின்னரே அது களையத்தக்கதா என்பதைத் துணிதல் வேண்டும்.