சுக்கானி ராபர்ட் ஸ்மால்ஸ்

1862 மே 13, பின்னிரவு மூன்று மணி இருக்கும். அமெரிக்க உள்நாட்டுப் போரின் இரண்டாம் ஆண்டு. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில், படைத் தலைமையகத்துக்கு நேர் எதிரே கட்டியிருந்த ‘பிளான்டர்’ என்ற நீராவிக் கப்பல் கரையை விட்டு நகர்ந்தது. காவலுக்கு நின்ற சிப்பாய் தடுக்கவில்லை. கேப்டன் ஏதோ அவசர வேலையாகக் கிளம்புகிறார் என்று எண்ணிக்கொண்டான். கேப்டனும் மற்ற இரண்டு வெள்ளை அதிகாரிகளும் உத்தரவை மீறி ஊருக்குள் தங்கப் போயிருந்தார்கள். கப்பலைச் செலுத்தியவர் 23 வயது அடிமை, ராபர்ட் ஸ்மால்ஸ்.

அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கோ அதற்கு முந்தைய பதினோரு வருடங்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன.

1839-ல் பியூஃபோர்ட் என்ற சிற்றூரில், எஜமானர் வீட்டுக்குப் பின்னால் இருந்த குடிசையில் பிறந்தார். அம்மா லிடியாவும் அந்த வீட்டு அடிமை. 12 வயதில் பையனைச் சார்ல்ஸ்டனுக்குக் கூலி வேலைக்கு அனுப்பினார்கள். ஹோட்டலில் பரிமாறினார், தெருவிளக்கு ஏற்றினார், துறைமுகத்தில் பாய் தைத்தார். சம்பளம் எஜமானருக்கு. வாரம் ஒரு டாலர் மட்டும் அவர் கையில் நிற்கும். ஹன்னாவைக் கல்யாணம் செய்த பிறகு, மனைவியையும் பெண் குழந்தையையும் விலை கொடுத்து மீட்க நினைத்தார். ஹன்னாவின் எஜமானர் கேட்டது 800 டாலர். ஸ்மால்ஸ் சேர்த்து வைத்திருந்தது 100.

பணம் சேரவில்லை, ஆனால் கடல் அவருக்குப் பழகிவிட்டது. எந்த இடத்தில் மணல்திட்டு, எந்த நேரத்தில் நீரோட்டம் திரும்பும், போரில் எங்கெங்கே வெடி மிதக்கவிட்டார்கள் என்பதெல்லாம் அத்துப்படி. ‘பைலட்’ என்ற பட்டம் வெள்ளையருக்கு மட்டுமே என்பதால் அவரைச் சுக்கானி என்றார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அந்தச் சுக்கானி, கேப்டன் எப்படி நிற்பார், எப்படிக் கை கட்டுவார், கோட்டையைத் தாண்டும்போது எப்படி ஊதல் கொடுப்பார் என்று ஒவ்வொன்றையும் பார்த்து மனதில் இருத்திக்கொண்டார்.

அன்றிரவு அத்தனையும் வேண்டியிருந்தது. வழியில் ஒரு துறையில் ஒதுங்கி, மறைந்து காத்திருந்த பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டார். மொத்தம் 16 பேர். பிடிபட்டால் கப்பலை மூழ்கடிப்பது, அதுவும் முடியாவிட்டால் எல்லோரும் கைகோத்துக் கடலில் குதிப்பது என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள். கேப்டனின் வைக்கோல் தொப்பியை அணிந்து, அவரைப் போலவே கைகட்டி நின்றார். சம்டர் கோட்டைக்கு அடியில் இரண்டு நீண்ட ஊதல், ஒரு குட்டை ஊதல். கோட்டை வழிவிட்டது. பீரங்கி எட்டாத தூரம் போனதும் தென் மாநிலங்களின் கொடியை இறக்கி, ஒரு வெள்ளைப் படுக்கைவிரிப்பை ஏற்றினார்கள். வெளியே முற்றுகையிட்டிருந்த வட மாநிலக் கடற்படையிடம் பீரங்கிகளோடும் ரகசியச் சைகைப் புத்தகத்தோடும் கப்பலை ஒப்படைத்தார்.

அவர் பங்குக்குப் பரிசாக 1,500 டாலர் வந்தது. அதே ஆண்டு வாஷிங்டன் போய், கறுப்பினத்தவரைப் படையில் சேர்க்க வேண்டும் என்று போர் அமைச்சரிடம் வாதாடினார். மறு ஆண்டு இறுதியில், குண்டுமழைக்குப் பயந்து ‘பிளான்டர்’ கேப்டன் நிலக்கரி அறைக்குள் பதுங்க, ஸ்மால்ஸ் கப்பலை மீட்டுக் கொண்டுவந்தார். அந்தக் கப்பலுக்கு அவரே கேப்டனானார். 1864-ல் கப்பல் பழுதுபார்க்க ஃபிலடெல்ஃபியா போனபோதுதான் எழுத்துக் கற்றார். அந்த ஊரில், கறுப்பர் என்பதால் மழையில் டிராமிலிருந்து அவரை இறக்கிவிட்டார்கள். கப்பல் கேப்டன் நனைந்தபடி நடந்தார்.

வரி பாக்கிக்காக ஏலத்துக்கு வந்த பழைய எஜமானரின் வீட்டை வாங்கினார். தாம் எந்த வீட்டின் பின்புறம் பிறந்தாரோ அதே வீடு. முன்னாள் உரிமையாளர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், ஸ்மால்ஸ் பக்கம் முடிந்தது. வயதாகி நினைவு தடுமாறி வந்த பழைய எஜமானியை அதே வீட்டில் தங்க வைத்தார் என்று அவர் குடும்பத்தார் சொல்லிவந்தார்கள். நம்ப விரும்புகிறேன்.

1868-ல் மாநில அரசியல் சட்டம் எழுதக் கூடிய அவையில், எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசப் பள்ளி வேண்டும் என்று போராடினார். எழுத்தறிந்து நாலு வருடம்தான் ஆகியிருந்தது. பிறகு ஐந்து முறை அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர். 1877-ல் மாநில அதிகாரம் எதிர்த்தரப்புக்குக் கைமாறியதும் லஞ்ச வழக்கில் தண்டித்தார்கள். பின்னர் ஆளுநர் மன்னிப்பு வழங்கினார். அரசியல் பழிவாங்கலின் வாடை எனக்கு அதில் அடிக்கிறது.

1895-ல் வேறொரு அரசியல் சட்டம் எழுத, தலைநகர் கொலம்பியாவில் 160 பேர் கூடினார்கள். கறுப்பினத்தவர் ஆறே பேர். சொத்து அல்லது எழுத்தறிவைக் காரணம் காட்டிக் கறுப்பர்களின் வாக்கைப் பறிப்பதுதான் நோக்கம். 56 வயது ஸ்மால்ஸ் எழுந்து எதிர்த்துப் பேசினார், தோற்றார். அந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போடாதவர்களுக்குப் பயணப்படி கிடையாது என்ற பேச்சு வந்தது. கையெழுத்துப் போடுவதைவிட பியூஃபோர்ட் வரை நடந்தே வீடு போய்ச் சேர்வேன் என்று சொல்லிவிட்டார்.