வழிகள் நான்கு, வட்டு ஒன்று

கோலாலம்பூர், சைபர்ஜெயா வட்டாரத் தரவு மையங்களில் இயங்கும் பெரிய சர்வர்கள் பெரும்பாலும் தம் தரவைத் தம்முள் வைத்துக்கொள்ளாமல், தனியே நிறுவப்பட்ட சேமிப்பகம் ஒன்றோடு ஒளியிழையாலோ பிணையக் கம்பியாலோ இணைந்திருக்கின்றன. ஓர் இணைப்பு அறுந்தாலும் மற்றொன்றின் வழியே பணி தொடர வேண்டும் என்பதற்காக இரண்டோ நான்கோ வழிகளை அமைக்கும் இவ்வேற்பாடு பல்வழிச் சேமிப்பு, தொழில் வழக்கில் மல்டிபாத், எனப்படும்.

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் செல்பவர் கூட்டரசு நெடுஞ்சாலையில் வந்தாலும் கொமுட்டர் ரயிலில் வந்தாலும் சேருமிடம் ஒன்றே; ஆயினும் லினக்ஸின் கருநிரலான கெர்னல், நான்கு வழிகளில் தென்படும் ஒரே வட்டை நான்கு தனி வட்டுகளாகவே பதிவுசெய்கிறது. வட்டுக்கே உரிய தனி அடையாள எண்ணைக் கொண்டு நான்கும் ஒன்றே எனக் கண்டு, அவற்றை ஒரே கருவியாகக் கட்டிக் காப்பது மல்டிபாத்-டி எனும் பின்னணி நிரலின் வேலை. அக்கட்டு உருவாகுமுன், வட்டுப் பகுதிகளை நிர்வகிக்கும் எல்விஎம் அடுக்கு தனி வழி ஒன்றை நேரே பற்றிக்கொண்டால், நான்கு வழிகள் இருந்தும் சர்வர் ஒன்றையே நம்பி ஓடும். எல்விஎம்மின் வடிகட்டியில் தனி வழிகளை விலக்குவதோடு, கணினி எழும்போது முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பையும் புதிதாக உருவாக்க வேண்டும்; இல்லையேல் மறுதொடக்கத்தில் பழைய நிலை திரும்பிவிடக்கூடும்.

இதைவிட ஆழமான சிக்கல் காத்திருத்தலில் உள்ளது. எல்லா வழிகளும் ஒருசேர மறையும்போது, கோரிக்கைகளை வரிசையில் நிறுத்தி வைக்கும் அமைப்பு, சேமிப்பகம் சிறிது நேரத்தில் மீளுமானால் பெருநன்மை தரும். மீளாவிடில், படிப்பதற்கும் எழுதுவதற்கும் காத்திருக்கும் நிரல்கள் கட்டாய நிறுத்த ஆணைக்கும் அசையாமல் உறைந்துபோக, சர்வரை முறைப்படி அணைப்பதுகூட இயலாமற்போகும். எனவே நோ-பாத்-ரீட்ரை எனும் அளவுருவுக்கு வரம்பொன்றை இடுவதே தக்கது: 5 விநாடிக்கொருமுறை சோதனை நடக்குமாயின், 12 என்பது ஏறத்தாழ ஒரு நிமிடக் காத்திருப்பாகும். அதன்பின் பிழை மேலே செல்லும். மாற்று சர்வர் பொறுப்பேற்க வழி பிறக்கும். பிணையக் கம்பி வழியே சேமிப்பகத்தை அணுகும் ஐஸ்கசி இணைப்புகளில், அறுந்த வழிக்காக 120 விநாடி காத்திருப்பது இயல்பமைவு. மாற்றுவழி இருக்கையில் அதை 5 விநாடி அளவுக்குக் குறைப்பது வழக்கம்.

முற்றாக இறந்த வழியினும் குற்றுயிராய்க் கிடக்கும் வழி கொடியது. சோதனைக்கென அனுப்பப்படும் சிறு வினாவுக்கு அது ஒழுங்காக விடையளித்து, உண்மையான தரவுச்சுமை வந்ததும் தடுமாறி, விலக்கப்பட்டு, மறுபடி சேர்க்கப்பட்டு, ஒவ்வொரு சுற்றிலும் முழு சர்வரையும் மந்தமாக்குகிறது. மல்டிபாத் நிரலின் அண்மைக்காலப் பதிப்புகளில், ஒரு வழியின் பிழை விகிதத்தைக் குறித்த காலம் கண்காணித்து அதை ஒதுக்கிவைக்கும் அமைவுகள் உள்ளன; இவை இயல்பில் அணைந்தே இருப்பதால் நிர்வாகியே இயக்க வேண்டும்.

இத்தனை அமைவுகளும் செம்மையாக இருப்பினும், வழிகளின் கம்பிகள் எல்லாம் ஒரே சுவிட்சில் முடியுமானால் பயனில்லை. 2019 ஆகஸ்ட் 21 அன்று சிப்பாங்கிலுள்ள கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தில் பிணையக் கருவிகள் பழுதுற்றபோது, பயணிகள் பதிவு முகப்புகளும் விமானத் தகவல் திரைகளும் நாள்கணக்கில் தடுமாறின. அது சேமிப்பகத்தின் பழுதன்று; எனினும், வழி தடைப்பட்டால் எவ்வளவு நின்றுபோகும் என்பதற்குச் சான்று. அதனால், புதிய சர்வர் பணியில் இறங்குமுன், சுவிட்சுகளை ஒவ்வொன்றாக நிறுத்தி, வழிகள் விலகுவதையும் மீள்வதையும், இடையே எத்தனை விநாடி தரவு தேங்குகிறது என்பதையும் நேரிற் கண்டு குறித்துக்கொள்வது இன்றியமையாதது.