அதுல் சிட்னிசும் இந்தியாவில் திறமூல மென்பொருளின் பரவலும்

திறமூல மென்பொருளை எவரும் பெறலாம், திருத்தலாம், பகிரலாம் என்பது அதன் உரிமம் வழங்கும் உரிமையாகும். அவ்வுரிமை பயன்பட வேண்டுமெனில், மென்பொருள் முதலில் பயனரின் கைக்கு வந்து சேர வேண்டும். 1990களின் நடுப்பகுதியில் இந்தியாவில் இணைய இணைப்பு அரிதாகவும் வேகம் குறைந்ததாகவும் இருந்தது. லினக்ஸ் இயங்குதளத்தை முழுமையாகப் பதிவிறக்குவது பெரும்பாலோர்க்கு இயலவில்லை. இத்தடையைக் கடக்க முனைந்தோருள் குறிப்பிடத்தக்கவர் அதுல் சிட்னிஸ் (1962–2013).

ஜெர்மனியில் பிறந்து பெங்களூரில் வாழ்ந்த இவர், 'பிசி குவெஸ்ட்' கணினி இதழின் ஆலோசக ஆசிரியராகப் பணியாற்றினார். 1996 முதல் அவ்விதழ் லினக்ஸ் அடங்கிய குறுந்தகடுகளை வாசகர்க்கு வழங்கியதில் இவரது பங்கு முதன்மையானது. இதனால் இணைய இணைப்பு இல்லாதோரும் லினக்ஸை நிறுவிப் பயில முடிந்தது.

2001இல் 'லினக்ஸ் பெங்களூர்' மாநாட்டைத் தொடங்கியவர்களுள் இவரும் ஒருவர். 2005இல் அது 'ஃபாஸ்.இன்' எனப் பெயர் மாற்றம் பெற்றது. இந்தியர்கள் திறமூல மென்பொருளைப் பயன்படுத்துவதோடு நில்லாமல், அதன் ஆக்கத்திலும் பங்களிக்க வேண்டும் என்பதை அம்மாநாடு வலியுறுத்தியது.

ஆகவே, நிரல் எழுதியோரை மட்டும் கொண்டு திறமூல இயக்கத்தின் வரலாற்றை எழுதுதல் முழுமையாகாது. நிரலை மக்களிடம் கொண்டு சேர்த்தோரும் அவ்வரலாற்றில் இடம்பெறுதல் வேண்டும்.