ஐம்பதாயிரம் ரூபாய்ப் பெட்டி: அதே விளையாட்டில் புதிதாக என்ன தெரியும்?

"இந்தப் பெட்டியில் போட்டால் படம் பிரமாதமாக இருக்கும் என்கிறான் பையன். எங்கள் வீட்டு டி.வி.யில் அது தெரியுமா?"

பெங்களூர் காந்திநகர் நேஷனல் மார்க்கெட்டில், சம்பளம் வந்த முதல் சனிக்கிழமை மாலை, ஒரு தந்தை கடைக்காரரிடம் கேட்ட கேள்வி இது. அவர் கோலார் தங்கவயல்காரர். 2001-ல் சுரங்கத்தை மூடிய பிறகு அங்குள்ள எத்தனையோ தமிழ்க் குடும்பங்களைப் போல் அவரும் பெங்களூர் வேலையை நம்பி இருப்பவர். காலை ரெயிலில் வந்து, ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிவிட்டு, மாலை ரெயிலில் திரும்புகிறவர். பக்கத்தில் நின்ற மகனுக்குப் பதினைந்து வயது. வீட்டில் ஏற்கெனவே ஒரு பழைய 'பிளே ஸ்டேஷன் 4' இருக்கிறது. இப்போது பையன் கேட்பது 5.

கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "ஜம்மென்று தெரியும் சார்" என்றார். எது தெரியும், எது தெரியாது என்று அவர் சொல்லவில்லை. விற்கிறவர் சொல்லமாட்டார்.

'பிளே ஸ்டேஷன் 5' இந்தியாவில் 2021 பிப்ரவரி 2-ம் தேதி விற்பனைக்கு வந்தபோது அதன் விலை ரூ.49,990. பிறகு வந்த மெலிந்த மாடல் 2024-ல் ரூ.54,990. ஒரு குமாஸ்தாவின் வீட்டில் இது சின்னத் தொகை அல்ல. பள்ளிக்கூடக் கட்டணமும் வீட்டு வாடகையும் போக, வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் இந்தத் தொகை மிஞ்சாத வீடுகள் உண்டு. அவ்வளவு கொடுத்து வாங்கும் பெட்டியில் அதே பழைய விளையாட்டைப் போட்டால் உண்மையில் என்ன மாறுகிறது?

புள்ளிக் கணக்கு

டி.வி.யில் தெரியும் படம் என்பது சின்னஞ்சிறு புள்ளிகளின் கூட்டம். புள்ளி எவ்வளவு அதிகமோ, படம் அவ்வளவு துல்லியம். 'ஜி.டி.ஏ. 5' என்ற ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். (18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உரியது என்று அதன் அட்டையிலேயே போட்டிருக்கிறது. அட்டையைப் படிக்கும் அப்பாக்கள்தான் குறைவு.) இந்த ஒரே ஆட்டம் மூன்று தலைமுறைப் பெட்டிகளில் வந்தது. 2013-ல் 'பிளே ஸ்டேஷன் 3'-ல் வந்தபோது ஒரு படத்துக்குச் சுமார் 9 லட்சத்து 21 ஆயிரம் புள்ளிகள். 2014-ல் 4-ம் பெட்டிக்கு வந்தபோது 20 லட்சத்து 73 ஆயிரம். 2022 மார்ச்சில் 5-ம் பெட்டிக்கு வந்தபோது '4 கே' என்று சொல்லும் அளவில் 82 லட்சத்து 94 ஆயிரம் வரை. கதை அதே கதை. தெரு அதே தெரு. தூரத்துக் கட்டிடத்தின் ஜன்னல் மட்டும் ஜன்னலாகத் தெரிய ஆரம்பித்தது.

தங்கவயல் தந்தை கேட்ட கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. நம்மவர் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது 32 அங்குல 'எச்.டி. ரெடி' டி.வி. அதில் இருக்கும் மொத்தப் புள்ளிகளே சுமார் 10 லட்சத்து 49 ஆயிரம். பெட்டி 83 லட்சம் புள்ளிகளைத் தயார் செய்தாலும், எட்டில் ஏழு பங்குக்கு அந்த டி.வி.யில் இடம் இல்லை. படிக்கல் வாங்கிப்போய் ஆழாக்கில் அரிசி அளந்த கதைதான். படத்தின் ஓரங்கள் கொஞ்சம் வழுவழுப்பாகத் தெரியும். அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம். முழுப் பலனும் வேண்டுமென்றால் டி.வி.யையும் மாற்ற வேண்டும். அப்போது கணக்கு ஐம்பதாயிரத்தோடு நிற்காது.

பொத்தானும் படமும்

ஆனால் இன்னொரு மாற்றம் இருக்கிறது. அது பழைய டி.வி.யிலும் தெரியும். கடைக்காரர்கள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. கண்ணாடி அலமாரியில் வைத்துக் காட்ட முடியாத சமாசாரம் என்பதாலோ என்னவோ.

அலசூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் கொட்டகையில் தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. கண்ணுக்கு அது தொடர்ந்த அசைவாகத் தெரிகிறது. வீடியோ விளையாட்டிலும் அப்படியே. பழைய பெட்டிகளில் பெரிய ஆட்டங்கள் பெரும்பாலும் விநாடிக்கு 30 படங்கள் காட்டின. கூட்டமும் புகையும் வெடியும் சேரும் இடத்தில் அதுவும் குறைந்து, படம் விக்கி விக்கி ஓடும்.

"சினிமாவுக்கு 24 போதும்போது விளையாட்டுக்கு 30 ஏன் போதாது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சினிமாவில் கேமரா பிடித்த ஒவ்வொரு படத்திலும் அசைவின் மங்கல் சேர்ந்தே பதிவாகிறது. அது கண்ணை ஏமாற்றிவிடுகிறது. அதோடு, சினிமாவில் கதாநாயகனை நீங்கள் நடத்துவதில்லை. விளையாட்டில் கை பொத்தானை அழுத்துகிறது, படம் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். விநாடிக்கு 30 படம் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஆயிரத்தில் 33 பங்கு விநாடி. 60 படம் என்றால் அது 17-க்கும் குறைவு. அற்ப வித்தியாசம் என்று தோன்றும். கார்ப் பந்தயத்தில் வளைவில் திருப்புகிறவனைக் கேட்டால் தெரியும்.

புதிய பெட்டிகளில் பல ஆட்டங்களை 60 படத்தில் ஓட்டலாம். சாதாரண டி.வி.யும் 60 படத்தைக் காட்டிவிடும். ஆகவே ஆட்டத்தின் உள்ளே இருக்கும் பட்டியலில் 'பிடெலிட்டி' அல்லது 'குவாலிட்டி' என்றும் 'பெர்பார்மன்ஸ்' என்றும் இரண்டு வழிகள் வந்தால், சின்ன டி.வி. வைத்திருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கலாம். முதலாவது புள்ளியைக் கூட்டி வேகத்தைக் குறைக்கும். இரண்டாவது புள்ளியைக் குறைத்து வேகத்தைக் கூட்டும். பெட்டியை வடிவமைத்த மார்க் செர்னி 2024 செப்டம்பரில் சொன்ன தகவல் இது: விளையாடுகிறவர்கள் நாலில் மூன்று தடவை வேகத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பணக்கார நாடுகளில், பெரிய டி.வி. வைத்திருப்பவர்களையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

மூட்டை இறக்கும் வேகம்

மூன்றாவது மாற்றம் காத்திருப்பு. பழைய பெட்டியில் இருந்தது சுழலும் தட்டு. அதிலிருந்து ஒரு ஜிகாபைட் சரக்கை இறக்க 20 விநாடி ஆகும். புதிய பெட்டியில் சுழல்வது எதுவும் இல்லாத சேமிப்பு. இரண்டு ஜிகாபைட் இறங்க கால் விநாடிக்குச் சற்றே அதிகம். 2019-ல் சோனி கம்பெனி 'ஸ்பைடர்மேன்' ஆட்டத்தைப் போட்டுக் காட்டியபோது, பழைய பெட்டி எட்டு விநாடி எடுத்த இடத்தில் புதியது ஒரு விநாடிக்குள் முடித்தது. கூட்ஸ் வண்டியில் மூட்டையைத் தலையில் சுமந்து இறக்குவதற்கும் கிரேன் வைத்து இறக்குவதற்கும் உள்ள வித்தியாசம்.

கரண்ட் செலவும் உண்டு. பெரிய ஆட்டம் ஓடும்போது சுமார் 200 வாட். பழைய ரக மின்விசிறி இரண்டு மூன்று சேர்ந்து சுழல்வதற்குச் சமம்.

பழசையே வைத்திருந்தால் என்ன?

வைத்திருக்கலாம். ஆனால் அதிலும் ஒரு கஷ்டம் இருக்கிறது. 2020 டிசம்பரில் 'சைபர்பங்க் 2077' என்ற ஆட்டம் வந்தது. பழைய பெட்டிகளுக்கும் சேர்த்தே விற்றார்கள். அவற்றில் அது விக்கியது, நின்றது, அணைந்தது. வாங்கியவர்கள் போட்ட கூச்சலில் சோனி சுமார் ஒரு வாரத்தில் அதைத் தன் கடையிலிருந்தே எடுத்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2021 ஜூனில்தான் மறுபடி விற்பனைக்கு வந்தது. புதுப் பெட்டிகளுக்கென்று திருத்திய பதிப்பு 2022 பிப்ரவரியில் வந்தது. பழைய பெட்டி கெட்டுப்போகவில்லை. அதற்கென்று ஆட்டம் செய்கிறவர்கள்தான் குறைந்துகொண்டே போகிறார்கள்.

புதுப்பித்தது எல்லாம் மேலானது என்றும் எண்ணிவிடக் கூடாது. பழைய ஜி.டி.ஏ. ஆட்டங்கள் மூன்றை 2021 நவம்பரில் புது மெருகு போட்டு ஒன்றாக வெளியிட்டார்கள். பழைய படங்களைப் பெரிதாக்கும் வேலையில் கம்ப்யூட்டருக்குப் பெரும் பங்கு கொடுத்தார்கள். மழை பெய்தால் எதிரே எதுவும் தெரியாதபடி வெள்ளைக் கோடுகள். கடைப் பெயர்ப்பலகைகளில் எழுத்துப் பிழைகள்! எழுத்துத் தெரியாத கம்ப்யூட்டர் எழுத்தைப் படமாக நினைத்துப் பெரிதாக்கினால் வேறென்ன நடக்கும்? நம் ஊர்ப் பலகைகளில் தமிழை எழுதுகிறவர்கள் நினைவுக்கு வந்தால் ஆச்சரியம் இல்லை. வெளியிட்ட ராக்ஸ்டார் கம்பெனி சில நாட்களிலேயே மன்னிப்புக் கேட்டது.

மெருகுக்குத் தனிக் காசு வாங்கும் வழக்கமும் வந்துவிட்டது. சோனி 2021-ல் தன் சொந்த ஆட்டங்களைப் பழைய பதிப்பிலிருந்து புதுப் பதிப்புக்கு மாற்ற 10 டாலர் என்று அறிவித்தது. மைக்ரோசாப்டின் 'எக்ஸ்பாக்ஸ்' பெட்டியில் அந்தக் கம்பெனியின் சொந்த ஆட்டங்களுக்கு இந்த மாற்றம் இலவசம். டிஸ்க் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விலை குறைவு என்று டிஸ்க் போட வாய் இல்லாத 'டிஜிட்டல்' மாடலை வாங்கிவிட்டால், வீட்டில் இருக்கும் பழைய டிஸ்க்குகள் வெறும் தட்டுகள்தான். பாதி விலைக்கு மாற்றிக்கொள்ளும் வசதியும் போய்விடும். நம்மைப் போன்றவர்களுக்கு அந்த வசதிதான் பெரிது.

கடல் கடந்து நின்ற பெட்டி

இவை எல்லாவற்றுக்கும் மேல் 'பிளே ஸ்டேஷன் 5 புரோ' என்று ஒன்று 2024 நவம்பர் 7-ம் தேதி வந்தது. அப்போது விலை 700 டாலர். முந்தையதைவிட 45 சதவீதம் வரை வேகமாகப் படம் வரையும் என்றார்கள். குறைந்த புள்ளியில் வரைந்து, மிச்சத்தைக் கம்ப்யூட்டரே ஊகித்து நிரப்பும் புதிய முறையும் அதில் உண்டு. வேகமா, துல்லியமா என்ற சண்டையைத் தீர்ப்பதுதான் நோக்கம்.

அது அப்போது இந்தியாவுக்கு வரவில்லை. காரணம் சுவையானது. அதில் இருக்கும் புதிய 'வை-பை' கருவி 6 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுவது. அந்த அலைவரிசைக்கு அப்போது இந்தியாவில் அனுமதி இல்லை. பிறகு 2025 மே மாதம், அதன் கீழ்ப்பகுதியை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த வகை செய்யும் வரைவு விதிகளை மத்திய அரசு வெளியிட்டது. அதற்குள் சூட்கேசில் வந்த பெட்டிகள் கடைகளில் எட்டிப் பார்த்தன. இப்படி வருவதற்கு இங்கே கம்பெனி உத்தரவாதம் கிடையாது. ரிப்பேர் என்று வந்தால் கை விரிப்பார்கள்.

வரைகிறவர்கள் இங்கேதான்

இந்தப் படங்களில் ஒரு பகுதி பெங்களூரிலேயே தயாரானது என்பது பலருக்குத் தெரியாது. தொண்ணூறுகளில் ராஜேஷ் ராவ் இங்கே தொடங்கிய 'த்ருவா இன்டராக்டிவ்' கம்பெனி, மைக்ரோசாப்டின் 'போர்சா' பந்தய ஆட்டங்களுக்குக் கார்களை வரைந்து கொடுத்தது. 2019-ல் அதை ராக்ஸ்டார் 79 லட்சம் டாலருக்கு வாங்கித் தன் பெங்களூர் ஸ்டூடியோவுடன் சேர்த்துக்கொண்டது.

கம்ப்யூட்டரில் ஒரு கார் என்பது சின்னச் சின்ன முக்கோணங்களை ஒட்டிச் செய்த பொம்மை. முதல் பிளே ஸ்டேஷன் காலத்தில் சில நூறு முக்கோணங்கள் போதும். இப்போது லட்சக்கணக்கில் வேண்டும். சீட்டின் தையல், ஸ்டியரிங்கின் தோல், விளக்குக்குள் இருக்கும் கண்ணாடி எல்லாவற்றையும் வரைய வேண்டும். பெட்டி வேகமாக ஆக ஆக, மேஜை முன்னால் உட்கார்ந்திருக்கும் பையனுக்கும் பெண்ணுக்கும் வேலை கூடுகிறது. வேலை கூடினால் வேலை நிலைக்கும் என்பதும் இல்லை. சினிமாவுக்கும் விளையாட்டுக்கும் படம் செய்து வந்த டெக்னிகலர் என்ற பிரெஞ்சு நிறுவனம் 2025 பிப்ரவரியில் நொடித்தபோது அதன் பெங்களூர் ஸ்டூடியோவும் மூடியது. திறமை குறைந்ததால் யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

நேஷனல் மார்க்கெட்டில் தந்தை கடைசியாக ஒன்று கேட்டார். "நம் டி.வி. எத்தனை புள்ளிடா?" பையனுக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் டி.வி.யின் பின்பக்கத்தைப் பார்ப்பது என்று முடிவாயிற்று. கடைக்காரரிடம் டிஸ்க் போடும் மாடலின் விலையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கி, சட்டைப் பையில் சீசன் டிக்கெட்டோடு சேர்த்து வைத்துக்கொண்டார். பையன் கொண்டுவந்திருந்த பழைய கார்ப் பந்தய டிஸ்க்கைக் கொடுத்து, மேலே முந்நூறு ரூபாய் போட்டு வேறொன்று எடுத்துக்கொண்டான். மாரிக்குப்பம் ரெயிலுக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. இருவரும் ஸ்டேஷனை நோக்கி நடந்தார்கள்.