நாலு கோபுரமும் ஓர் ஆங்கிலப் பாடமும்

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலுக்குத் திசைக்கு ஒன்றாக நான்கு பெரிய கோபுரங்கள். கிழக்கே ராஜகோபுரம் 217 அடி. வடக்கே அம்மணி அம்மன் கோபுரம் 171 அடி, தெற்கே திருமஞ்சன கோபுரம் 157 அடி, மேற்கே பேய்க் கோபுரம் 144 அடி. கிருஷ்ணதேவராயர் தொடங்கிவைத்த ராஜகோபுர வேலையைத் தஞ்சையை ஆண்ட சேவப்ப நாயக்கர் முடித்தார். வடக்குக் கோபுரமோ, அம்மணி அம்மாள் என்ற பெண் துறவி பணம் திரட்டி எழுப்பியது. பத்தாம் வகுப்பு மாணவர்களைப் படுத்தி எடுக்கும் ‘டிகிரீஸ் ஆஃப் கம்பாரிசன்’ பாடத்துக்கு இந்த நான்கு எண்களே போதும்.

அந்த ஊருக்கு ஆங்கிலம் புதிதல்ல. ரமண மகரிஷியைப் பற்றிப் பால் பிரண்டன் எழுதிய புத்தகம் 1934-இல் வெளிவந்தது. ‘தி மவுண்டன் பாத்’ என்ற ஆங்கில இதழை ரமணாசிரமம் 1964 முதல் நடத்துகிறது. செங்கம் சாலையில் ஆட்டோ ஓட்டுகிறவரும் டீக்கடைக்காரரும் வெளிநாட்டுப் பக்தர்களோடு ஆங்கிலத்தில்தான் பேசியாக வேண்டும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைக் காலையில் சுற்றுவதா, இரவில் சுற்றுவதா? நடந்தா, வண்டியிலா? பேச்சில் பாதி ஒப்பீடுதான்.

தமிழரின் ஆங்கிலம் முதலில் தடுமாறுவதும் அங்கேதான். “மார்னிங் ஆர் நைட், விச் இஸ் குட்?” என்று கேட்கிறோம். ஆங்கிலக் காதுக்கு அது ‘பெட்டர்’ என்றிருக்க வேண்டும். ஆனால் கேட்டவர் மனத்தில் ஓடியது “ரெண்டுல எது நல்லது?” என்ற சுத்தமான தமிழ். ‘ரெண்டுல’ என்றதுமே ஒப்பீடு வந்துவிட்டது. அதற்காக ‘நல்லது’ தன் உருவத்தை மாற்றிக்கொள்ளத் தேவையில்லை.

இந்த வேறுபாட்டை 1856-இலேயே ராபர்ட் கால்டுவெல் தம் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் பதிவு செய்தார். ஐரோப்பிய மொழிகளில் பண்பைக் குறிக்கும் சொல்லின் வாலில் ஒப்பீட்டு விகுதி ஒட்டும். திராவிட மொழிகளில் அப்படி ஒரு விகுதி கிடையாது. தமிழ், எதோடு ஒப்பிடுகிறோமோ அந்தப் பெயரைத்தான் பிடித்துக்கொள்கிறது: அதைவிட, அதைக் காட்டிலும், அதைப் பார்க்கிலும். சில நேரம் “அதுக்கு இது தேவலை” என்று ஒரு ‘கு’ உருபோடு வேலையை முடித்துவிடுகிறது. நான்காம் வேற்றுமை ஒப்பீட்டைச் சுமக்கும் அழகு அது.

ஆங்கிலத்தில் சுமை பண்புச்சொல்லின் மேல் விழுகிறது. ஹை, ஹையர், ஹையஸ்ட். நீளமான சொல்லானால் முன்னால் ‘மோர்’, ‘மோஸ்ட்’. இரண்டில் ஒன்றுதான் வர வேண்டும். ‘மோர் ஹையர்’ என்று இரண்டையும் சேர்த்து எழுதும் மாணவருக்கு ஓர் ஆறுதல் உண்டு: ஷேக்ஸ்பியரே ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில் அப்படி இரட்டை உச்சநிலையைப் பயன்படுத்தியிருக்கிறார். 1762-இல் வெளிவந்த ராபர்ட் லௌத்தின் இலக்கண நூல் போன்றவை அதைக் குற்றம் என்று அறிவித்தன. இன்றைய தேர்வுத்தாளில் மதிப்பெண் போய்விடும்.

அடுத்த சிக்கல் கொஞ்சம் நுட்பமானது. “ராஜகோபுரத்தின் உயரம் பேய்க் கோபுரத்தைவிட அதிகம்” என்று தமிழில் சொன்னால் யாரும் தவறு காண மாட்டார்கள். அதையே ஆங்கிலத்தில் அப்படியே போட்டால், ஓர் உயரத்தை ஒரு கோபுரத்தோடு ஒப்பிட்டதாகிவிடும். உயரத்தை உயரத்தோடுதான் ஒப்பிட வேண்டும் என்பது அந்த மொழியின் கணக்கு. அதனால்தான் ‘தேன்’ என்பதற்குப் பின் ‘தட் ஆஃப்’ சேர்க்கச் சொல்கிறார்கள். ‘எனி அதர்’ விதிக்கும் காரணம் இதுவே. ராஜகோபுரம் கோயிலின் எந்தக் கோபுரத்தையும்விட உயரமானது என்றால், அந்த ‘எந்த’வுக்குள் ராஜகோபுரமும் அடங்கிவிடுகிறதே! ‘அதர்’ போட்டு அதை வெளியே எடுத்துவிடுகிறார்கள்.

உச்சநிலையைக் கையாளும்போது எல்லையையும் சொல்ல வேண்டும். கோயிலுக்குள் ராஜகோபுரம் ‘தி ஹையஸ்ட்’. தமிழ்நாடு முழுவதற்கும் அப்படிச் சொல்ல முடியாது. 1987-இல் முடிந்த ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி. மாநில அளவில் ‘ஒன் ஆஃப் தி ஹையஸ்ட் டவர்ஸ்’ என்று இறங்கி வர வேண்டும். ‘ஒன்’ என்று தொடங்கினாலும் முடிவில் ‘டவர்ஸ்’ என்ற பன்மை வரும். பலர் கோட்டை விடுவது அந்த ‘ஸ்’ எழுத்தில்.

முரணைச் சொல்லும் வாக்கியங்களில் தடுமாற்றம் வேறு விதம். “ஆல்தோ இட் ரெய்ன்ட், பட் தி கிரவுட் டிட் நாட் கோ” என்று எழுதாத தமிழ் மாணவர் குறைவு. ‘ஆல்தோ’, ‘பட்’ இரண்டில் ஒன்று போதும். பிறகு ஏன் இரண்டும் வருகின்றன? “மழை பெய்தாலும் கூட்டம் கலையவில்லை” என்ற வாக்கியத்தைப் பாருங்கள். ‘ஆலும்’ இரண்டு செய்திகளும் சேரும் இடத்திலேயே நிற்கிறது. ஆங்கிலத்தில் ‘ஆல்தோ’ வாக்கியத்தின் தலைப்பக்கம் போய்விடுவதால், நடுவே இடம் காலியாக இருப்பதாகத் தமிழ் மனத்துக்குத் தோன்றுகிறது. அங்கே ஒரு ‘பட்’டைக் கொண்டுவந்து உட்காரவைக்கிறது.

“ராஜகோபுரம் 217 அடி, பேய்க் கோபுரமோ 144 அடிதான்” என்பதில் வரும் ‘ஓ’வின் வேலையை ஆங்கிலத்தில் ‘வேராஸ்’ அல்லது ‘வைல்’ செய்கிறது. ‘இன் ஸ்பைட்’ பின்னால் ‘ஆஃப்’ வரும்; ‘டிஸ்பைட்’ பின்னால் வராது. ‘சீனியர்’, ‘ஜூனியர்’, ‘சுப்பீரியர்’, ‘இன்ஃபீரியர்’ ஆகியவை லத்தீனிலிருந்து வந்த ஒப்பீட்டு வடிவங்கள்; அவற்றுக்குத் துணை ‘டு’, ‘தேன்’ அல்ல. ‘ப்ரிஃபர்’ என்ற வினைக்கும் அப்படியே: காபியைவிட டீ பிடிக்கும் என்றால் ‘டீ டு காபி’.

இத்தனை தவறுகளிலும் பெரும்பாலானவை கவனக்குறைவால் வருபவை அல்ல. தமிழின் ஒழுங்கை ஆங்கிலத்துக்குள் நேர்மையாகக் கொண்டுபோவதால் வருபவை. ஆகவே ஆசிரியர்கள் விதியை மனப்பாடம் செய்யச் சொல்வதற்கு முன், தமிழ் இதை எப்படிச் சொல்கிறது என்று ஒருமுறை கரும்பலகையில் எழுதிக் காட்டலாம். உதாரணத்துக்கு லண்டன் பாலமும் எவரெஸ்டும் வேண்டாம்; உங்கள் ஊர்க் கோயிலையும் ஏரியையும் பேருந்துக் கட்டணத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்.