நள்ளிரவில் போனை எடுப்பது யார்?

சிராங்கூன் சாலையில் ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலைத் தாண்டி பூன் கெங் பக்கமாக நடந்தால், 1910இல் தொடங்கிய குவோங் வாய் ஷியூ மருத்துவமனை வரும். அந்த வளாகத்துக்குள்தான் எச்சிஏ ஹோஸ்பிஸ் இயங்குகிறது. தேக்காவுக்குப் பல்லாண்டுகளாகப் போய்வரும் பலருக்கும் இது தெரியாது. வீடு தேடிவரும் அந்திமகாலப் பராமரிப்பில் சிங்கப்பூரின் மிகப் பெரிய அமைப்பு இது. இங்கிருந்து கிளம்பும் தாதியர் தீவு முழுவதும் வீவக வீடுகளின் கதவைத் தட்டுகிறார்கள். இந்த வீட்டுச் சேவைக்கு நோயாளியிடம் கட்டணம் வாங்குவதில்லை.

லியன் அறநிறுவனம் 2014இல் எடுத்த கருத்தாய்வில், வீட்டிலேயே உயிர் பிரிய வேண்டும் என்று 77 விழுக்காட்டினர் சொன்னார்கள். அப்போது வீட்டில் இறந்தவர்களோ ஏறத்தாழ 27 விழுக்காடுதான். 2023இல் சுகாதார அமைச்சு புதிய தேசிய உத்தியை அறிவித்தபோது, மருத்துவமனையில் நிகழும் மரணங்களின் பங்கு 61 விழுக்காடாக இருந்தது. அதை 2027க்குள் 51க்குக் கொண்டுவருவது இலக்கு. வீட்டுப் பராமரிப்பு இடங்களையும் 2,400இலிருந்து 3,600ஆக உயர்த்துவதாகச் சொன்னார்கள். இடங்கள் கூடும்போது தரத்தை யார் பார்ப்பது என்ற கேள்வியும் கூடவே வரும். அமைச்சின் வழிகாட்டி நெறிகள் இருக்கின்றன. சிங்கப்பூர் ஹோஸ்பிஸ் மன்றத்தின் சுயமதிப்பீட்டு முறை இருக்கிறது. ஆனால் அப்பாவையோ அம்மாவையோ வீட்டுக்கு அழைத்துப்போக நிற்கும் பிள்ளைக்கு அந்த ஆவணங்களைப் புரட்ட நேரமிருக்காது.

மருத்துவமனையின் மருத்துவ சமூக ஊழியர் ஒரு துண்டுப்பிரசுரத்தைக் கையில் கொடுப்பார். எம்ஆர்டி பக்கத்தில் இருக்கிறதா, அறைக்கு ஏர்கான் உண்டா, எவ்வளவு வெள்ளி ஆகும் என்று நாம் கேட்போம். கேட்க வேண்டியவைதான். ஆனால் நான் கேட்டால் முதல் கேள்வி இரவைப் பற்றியதாக இருக்கும்.

பகலில் எல்லா அமைப்புகளும் நன்றாகத்தான் இருக்கும். தாதி வருவார், ரத்த அழுத்தம் பார்ப்பார், இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். சனிக்கிழமை இரவு 2 மணிக்கு மூச்சு இரைக்கத் தொடங்கும்போதுதான் பராமரிப்பின் லட்சணம் தெரியும். 24 மணி நேர எண் இருப்பதாக எல்லோரும் சொல்வார்கள். அதோடு விட்டுவிடாமல் நான்கு விஷயங்களைக் கேட்டு வையுங்கள். எடுப்பவர் நோயாளியின் கோப்பைத் திறந்து பார்க்கக்கூடிய தாதியா, செய்தி வாங்கிவைக்கும் ஆளா? போனிலேயே மருந்தின் அளவைக் கூட்டச் சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டா? தேவைப்பட்டால் அந்த நேரத்தில் ஆள் நேரில் வருவாரா? வருவதற்கு எவ்வளவு நேரமாகும்? இவற்றுக்குத் தயங்காமல் பதில் சொல்லும் அமைப்பு வேலை தெரிந்த அமைப்பு. ‘அவசரமென்றால் 995ஐக் கூப்பிடுங்கள்’ என்பதே பதிலானால், வீட்டில் இறக்க விரும்பியவர் அவசரப் பிரிவின் தள்ளுபடுக்கையில்தான் போய்ச் சேருவார்.

அமெரிக்காவில் இதை அளந்தே பார்க்கிறார்கள். உயிரின் கடைசி 3 நாட்களில் குறைந்தது 2 நாட்களாவது பதிவுபெற்ற தாதியோ மருத்துவ சமூக ஊழியரோ நேரில் வந்தாரா என்பது அங்கே ஒவ்வோர் அமைப்புக்கும் கணக்கிடப்படும் அளவுகோல். இறந்தவரின் குடும்பத்திடம் பிறகு கருத்தும் கேட்கிறார்கள். இரவிலும் வார இறுதியிலும் கேட்ட உதவி கிடைத்ததா, மருந்தின் பக்கவிளைவுகளைச் சொல்லித்தந்தார்களா என்றெல்லாம். முடிவுகள் அரசாங்க இணையத்தளத்தில் வெளியாகின்றன. இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உண்டு. அங்கே பெரும்பாலான ஹோஸ்பிஸ்கள் லாபத்துக்கு நடப்பவை. ஒரு நோயாளிக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று அரசாங்கம் பணம் தருகிறது. ஆள் போனாலும் போகாவிட்டாலும் வழக்கமான நாட்களுக்கு அதே தொகைதான். போகாமலிருப்பதில் லாபம் இருக்கும் இடத்தில் கணக்குப் பார்க்காமல் முடியாது.

சிங்கப்பூரில் கதை வேறு. சாகோ லேனில் சீனர்களுக்கான மரண வீடுகள் இருந்த காலம் உண்டு. 1961இல் அவை தடைசெய்யப்பட்டன. அதற்கு வெகுகாலம் கழித்து, 1985இல், ஜூரோங்கில் கனோசியன் கன்னியாஸ்திரீகள் நடத்திய செயின்ட் ஜோசப் இல்லத்தில் 16 படுக்கைகள் சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்காக ஒதுக்கப்பட்டன. டாக்டர் சிந்தியா கோ போன்றவர்கள் தொண்டூழியர்களாக இதில் இறங்கினார்கள். தேசியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டாக்டர் ஆன் மெரிமன் இங்கேதான் குடிக்கும் மார்ஃபின் திரவத்துக்கு எளிய செய்முறை ஒன்றை உருவாக்கினார். பிறகு அதை உகாண்டாவுக்குக் கொண்டுபோனார். 1989இல் எச்சிஏவின் முன்னோடிச் சங்கம் பிறந்தது. 1995இல் டோவர் பார்க் ஹோஸ்பிஸ் திறந்தது. இங்கே இந்தத் துறையில் இருப்பவை பெரும்பாலும் அறநிறுவனங்கள். ஆகவே, ‘நம்மை ஏமாற்றுகிறார்களா?’ என்ற சந்தேகம் இங்கே அவ்வளவாகப் பொருந்தாது. ‘இவர்களுக்கு ஆள்பலம் போதுமா?’ என்பதுதான் பொருத்தமான கேள்வி. ஒரு தாதி எத்தனை வீடுகளைப் பார்க்கிறார், அவர் விடுப்பில் போனால் யார் வருவார் என்று கேட்பதில் தப்பே இல்லை.

அடுத்தது வலி. மார்ஃபின் என்றதும் நம் வீடுகளில் முகம் மாறும். ‘அதைக் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார்’, ‘பழக்கமாகிவிடும்’ என்பார்கள். வலிக்கு ஏற்றபடி சிறிய அளவில் தொடங்கி மெல்லக் கூட்டினால் அது ஆயுளைக் குறைப்பதில்லை. நல்ல தாதி இந்தப் பயத்தைக் கேலி செய்யாமல், உட்கார்ந்து பேசித் தீர்ப்பார். இன்னொன்றும் செய்வார்: மார்ஃபின் எழுதும் அன்றே மலமிளக்கியும் கொடுப்பார். மார்ஃபின் மலச்சிக்கலை உண்டாக்கும் என்பது இத்துறையில் அரிச்சுவடிப் பாடம். ஐந்து நாள் மலம் போகாமல் முதியவர் ஒருவர் சுருண்டு கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு, புற்றுநோய் வலியைவிட இது கொடுமை என்று தோன்றியிருக்கும். ‘கடைசியாக எப்போது வெளியே போனார்?’ என்று ஒவ்வொரு வருகையிலும் கேட்கும் தாதி கிடைத்தால், பாதிக் கவலை விட்டது.

வலியை நோயாளி எந்த மொழியில் சொல்கிறார் என்பதும் மருந்தைத் தீர்மானிக்கும். ஆயுள் முழுக்க மலாயும் ஆங்கிலமும் கலந்து சமாளித்தவர்கூட, உடம்பு தளரும்போது பிறந்த மொழிக்குத் திரும்புவது உண்டு. எரியுது, சுருக்கென்று இழுக்குது என்றால் நரம்பு வலியாக இருக்கலாம். எலும்புக்குள் குடையுது என்றால் வேறு. இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல. குழுவில் தமிழ் பேசுபவர் உண்டா, இல்லையென்றால் யாரை வைத்துக் கேட்பீர்கள் என்று விசாரியுங்கள். பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க வைப்பது சரியில்லை. பாட்டி பேரனிடம் சொல்லக் கூசும் விஷயங்கள் எவ்வளவோ.

விழுங்கும் சக்தி போன பிறகு என்ன செய்வது? எச்சிஏவில் இதற்காக ஒரு மருந்துப் பெட்டியை வீட்டில் முன்கூட்டியே வைத்துவிடும் முறையைக் கொண்டுவந்தார்கள். நாக்கடியில் விடும் மருந்து, ஆசனவாய் வழியாக வைக்கும் மருந்து என்று ஊசி தேவைப்படாதவை அதில் இருக்கும். இதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை எழுதியவர்களில், அப்போது அங்கே பொறுப்பிலிருந்த டாக்டர் ஆர். அகிலேஸ்வரனும் ஒருவர். வலி, மூச்சிரைப்பு, தொண்டையில் சளி கறகறப்பது ஆகிய ஒவ்வொன்றுக்கும் எதை எடுப்பது என்று குடும்பத்துக்கு முன்பே காட்டித்தந்திருப்பார்கள். நீங்கள் பேசிப்பார்க்கும் எந்த அமைப்பிடமும் இப்படி ஓர் ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள். மருந்து வீட்டில் இல்லாத இரவில் எவ்வளவு கனிவான குரல் போனில் வந்தும் பயனில்லை.

யாருக்குச் சொல்லித்தருகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். சிங்கப்பூர் வீடுகளில் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பதும் வாயைத் துடைப்பதும் பல நேரம் இல்லப் பணிப்பெண்தான். தாதி வந்ததும் கூடத்தில் மகனிடம் ஆங்கிலத்தில் விளக்கிவிட்டுக் கிளம்பினால், பாடம் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. பணிப்பெண்ணைப் பக்கத்தில் நிறுத்தி, அவர் கையாலேயே ஒருமுறை செய்ய வைத்துப் பார்ப்பவர் தொழில் தெரிந்தவர். சாய்த்து நிமிர்த்தும் கட்டில், ஆக்ஸிஜன் கருவி போன்றவற்றை இரவல் தருவார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

‘அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்’ என்ற வேண்டுகோள் நம்மவர்களிடமிருந்து கட்டாயம் வரும். இதை ஒரு குழு எப்படிக் கையாளுகிறது என்பதில் அதன் முதிர்ச்சி தெரியும். பொய் சொல்ல ஒப்புக்கொள்வதும் தவறு, முகத்துக்கு நேரே போட்டு உடைப்பதும் தவறு. அம்மாவுக்கு எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று அம்மாவிடமே மெதுவாகக் கேட்பார்கள், தேர்ந்தவர்கள். பாதி வீடுகளில் அம்மாவுக்கு முன்பே தெரிந்திருக்கும், பிள்ளைகளுக்காக நடித்துக்கொண்டிருப்பார்.

சாப்பாடும் அப்படித்தான். கடைசி நாட்களில் உணவு இறங்காது. ‘பட்டினி போட்டுக் கொன்றுவிட்டோம் என்று சொந்தக்காரர்கள் பேசுவார்கள்’ என்ற பயத்தில் டிரிப் போடச் சொல்லிக் கெஞ்சுவோம். உடம்பு ஏற்காத நீர் நுரையீரலிலும் காலிலும் தேங்குவதை எடுத்துச்சொல்லி, உதட்டை ஈரப்படுத்தும் வேலையை நம் கையில் கொடுக்கும் குழுதான் தேவை. துளசித் தீர்த்தம் விட வேண்டும் என்று குடும்பம் கேட்டால், புரையேறும் என்று மறுத்துவிட்டுப் போகாமல், பஞ்சில் நனைத்து நாக்கில் தொட்டுவைக்கலாம் என்று வழிசொல்ல வேண்டும். ஆக்ஸிஜன் ஓடும் அறையில் தீபம் ஏற்ற முடியாது என்று அவர்கள் சொன்னால், அதை நாமும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

உள்நோயாளியாகச் சேர்ப்பதாக இருந்தால் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். டோவர் பார்க் 2023இல் டான் டோக் செங் மருத்துவமனையின் ஒருங்கிணைந்த பராமரிப்பு நடுவத்துக்கு மாறி, 50 படுக்கைகளிலிருந்து 100ஆக வளர்ந்தது. தாம்சன் சாலையில் அசிசி ஹோஸ்பிஸ் 2017இல் 85 படுக்கைகளுடன் புதுக் கட்டடம் கண்டது. இரண்டும் அழகான இடங்கள். ஆனாலும் தோட்டத்தைப் பார்ப்பதற்கு முன் நோயாளிகளின் உதடுகளைப் பாருங்கள். வெடித்து உலர்ந்திருந்தால் வாய்ப் பராமரிப்பு நடக்கவில்லை என்று அர்த்தம். அழைப்பு மணி அடித்தால் எவ்வளவு நேரத்தில் ஆள் வருகிறார் என்று நின்று கவனியுங்கள். இரவு எத்தனை பேர் தங்கலாம், சைவச் சாப்பாடு உண்டா என்று கேளுங்கள். கடைசியாக வந்த புகார் என்ன, அதற்குப் பிறகு எதை மாற்றினீர்கள் என்றும் கேட்கலாம். ‘எங்களுக்குப் புகாரே வந்ததில்லை’ என்பவர்களை நான் நம்புவதில்லை.

செலவு பற்றிச் சுருக்கமாக: உள்நோயாளிப் பிரிவில் குடும்ப வருமானத்தைப் பொறுத்து மானியம் உண்டு. மெடிசேவ், மெடிஷீல்டு லைஃப் இரண்டும் உதவும். மருத்துவ சமூக ஊழியர் கணக்குப் போட்டுத் தருவார்.

எக்கானமிஸ்ட் ஆய்வுப் பிரிவின் 2015 மரணத் தரப் பட்டியலில் 80 நாடுகளில் சிங்கப்பூர் 12ஆவது இடம் பெற்றது. 2010இல் 40 நாடுகளில் 18ஆவதாக இருந்தது. நாட்டின் தரவரிசை எதுவானாலும், பரிந்துரை தாமதமானால் எந்த அமைப்பாலும் நல்ல பராமரிப்பு தர முடியாது. வீட்டுச் சேவைக்கு, ஓராண்டோ அதற்குக் குறைவாகவோ ஆயுள் என்று மருத்துவர் கணித்தாலே பொதுவாகப் பரிந்துரைக்கலாம். நாமோ கடைசி வாரம்வரை தள்ளிப்போடுகிறோம். மூன்று நாள் பழக்கத்தில் எந்தத் தாதிக்கும் அந்த வீடு பிடிபடாது.

கேட்க யாருக்கும் வாய் வராத கேள்வி ஒன்று பாக்கி. வீட்டில் உயிர் பிரிந்தால் சான்றிதழ் தருவது யார்? மருத்துவர் ஒருவர் வந்து பார்த்து, இறப்புக்கான காரணத்தைச் சான்றளிக்க வேண்டும். காரணத்தை அவரால் சொல்ல முடியாவிட்டால் விவகாரம் போலிசுக்குப் போய், உடல் பிணவறைக்குப் போகும். ஹோஸ்பிஸின் மருத்துவரே வருவாரா, வெளி மருத்துவரை அழைக்க வேண்டுமா, அழைத்தால் கட்டணம் எவ்வளவு, அவரிடம் காட்ட நோய்ச் சுருக்கக் கடிதம் வீட்டில் இருக்கிறதா என்பதை முதல் வாரத்திலேயே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். 2022 மே 29 முதல், மருத்துவர் இணையம் வழி சான்றளித்ததும் இறப்பு தானாகவே பதிவாகிவிடுகிறது; பதிவு அலுவலகத்துக்கு அலைய வேண்டியதில்லை. மின்னிலக்க இறப்புச் சான்றிதழை மட்டும் ‘மை லெகசி’ தளத்திலிருந்து 30 நாட்களுக்குள் பதிவிறக்கிக்கொள்ள வேண்டும்.