555 புத்தகத்திலிருந்து வங்கிக் கோப்புக்கு

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு 555 புத்தகத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சட்டைப் பையில் அடங்கும் அந்தச் சின்னக் கணக்குப் புத்தகத்தில்தான் ரந்தாவ், லாபு, சிலியாவ் வட்டாரக் குடும்பங்களின் அரிசியும் பருப்பும் கடனாக ஏறின. சம்பளம் போட்ட அன்று கடைக்காரர் கோடு போட்டு அடிப்பார். யாருக்கு எவ்வளவு வரை கொடுக்கலாம், யாருக்கு இந்த மாதம் கையைச் சுருக்க வேண்டும் என்பது அவர் மனக்கணக்கு. வங்கியின் கடன் இடர் பிரிவு செய்வதும் இதே வேலைதான். கணக்குப் போடும் முறை மட்டுமே வேறு.

அந்தப் பிரிவுக்குச் சில மாதப் பயிற்சிக்குப் போகும் மாணவர்களில் பலர், பாரத்தை நகல் எடுத்து, எண்களைத் தட்டச்சு செய்துவிட்டு, சான்றிதழோடு திரும்பி விடுகிறார்கள். தோட்டத்துப் பிள்ளை அப்படித் திரும்புவது இரட்டை நட்டம். வேலையும் கற்கவில்லை, தன் வீட்டாருக்குக் கடன் ஏன் கிடைக்கவில்லை என்பதும் தெரியவில்லை.

முதலில் கணக்கு. வங்கி மூன்று கேள்விகள் கேட்கிறது. இப்படிப்பட்டவர்கள் நூறு பேரில் எத்தனை பேர் கட்டாமல் விடுவார்கள்? அப்போது பாக்கி எவ்வளவு இருக்கும்? அடமானத்தை விற்றாலும் எவ்வளவு திரும்பாது? நூறில் 2 பேர், பாக்கி 50,000 வெள்ளி, திரும்பாதது நூற்றுக்கு 40 என்று வைத்துக்கொண்டால், ஒரு கடனுக்கு எதிர்பார்க்கும் நட்டம் 400 வெள்ளி. 2018 முதல் மலேசிய வங்கிகள் இப்படி எதிர்பார்க்கும் நட்டத்தை முன்கூட்டியே கணக்கில் ஒதுக்கி வைக்கின்றன. இதைப் பயிற்சியின் முதல் வாரத்திலேயே கையால் போட்டுப் பார்த்துவிட்டால், பிறகு கணினி காட்டும் எண்களைக் கண்டு மிரள வேண்டியதில்லை.

அடுத்தது சிசிஆர்ஐஎஸ். பேங்க் நெகாரா 2001இல் தொடங்கிய இந்தக் கடன் தகவல் முறையில், ஒருவர் கடந்த 12 மாதமாகத் தவணையை எப்படிக் கட்டினார் என்பது பதிவாகியிருக்கும். பேங்க் நெகாரா யாரையும் 'கறுப்புப் பட்டியலில்' போடுவதில்லை. கடன் தருவதும் மறுப்பதும் அந்தந்த வங்கியின் முடிவு. தோட்டத்துச் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. முப்பது ஆண்டு தோட்ட வீட்டில் குடியிருந்து, கடைக் கடனை ஒரு மாதம் கூடத் தவறாமல் அடைத்தவருக்கு அந்த அறிக்கை வெறுமையாக இருக்கும். கூட்டுப் போட்ட பணமும் அதில் வராது. (கூட்டைத் தொழிலாக நடத்துவதைத் தடுக்கும் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரில் நம் 'கூட்டு' என்ற சொல்லே இருக்கிறது. அறிக்கையில் இடம் பிடிக்காதது சட்டத்தில் இடம் பிடித்துவிட்டது!) தோட்டம் விற்கப்பட்டு, 50 வயதுக்கு மேல் முதல்முறையாக வீட்டுக் கடன் கேட்கும்போது, நாணயமானவர் என்பதற்கு அவரிடம் காகிதம் இல்லை. வயதால் கடன் காலமும் சுருங்கி, மாதத் தவணை ஏறிவிடுகிறது.

பயிற்சிக்குப் போகுமுன் அப்பாவோ அம்மாவோ தங்கள் அறிக்கையை எடுக்க உதவுங்கள். அது இலவசம். வீட்டு மேசையில் அதை அவர்களோடு உட்கார்ந்து படித்த பிள்ளைக்கு அலுவலகத்தில் பாதி வேலை புரிந்துவிடும்.

சம்பளச் சீட்டில்தான் தோட்டத்துப் பிள்ளை தன் மதிப்பைக் காட்ட முடியும். மழை பெய்தால் பால்மரம் சீவ முடியாது. ஆண்டின் தொடக்க மாதங்களில் இலையுதிர்ந்தால் பால் குறையும். இப்போது பெரும்பாலும் செம்பனை என்றாலும், அதிலும் காய் குறையும் மாதங்கள் உண்டு. மாதத் தவணைகள் 1,080 வெள்ளி என்போம். 2,400 வெள்ளி வரும் மாதங்களில் அது வருமானத்தில் நூற்றுக்கு 45. வருமானம் 1,800 ஆகக் குறைந்தால் நூற்றுக்கு 60. ஆள் ஒருவர்தான், கடன் ஒன்றுதான். சீட்டை எந்த மாதம் கொடுத்தார் என்பதில் விண்ணப்பம் தப்பலாம், விழலாம். நகரத்தில் வளர்ந்த அதிகாரிக்கு இது உடனே தோன்றாது. "ஓராண்டுச் சீட்டுகளையும் ஊழியர் சேமநிதி அறிக்கையையும் சேர்த்துப் பார்க்கலாமா?" என்று பயிற்சி மாணவர் கேட்டால், அந்தக் கேள்விக்கு மரியாதை கிடைக்கும். தோட்டத்து ஆள் என்பதற்காக இரக்கம் காட்டச் சொல்லவில்லை. நல்ல மாதச் சீட்டுகளை மட்டும் வைத்துத் தாங்க முடியாத கடனைத் தலையில் கட்டுவதும் கெடுதல்தான். தவணை தவறியவர் கடைசியில் ஆலோங்கிடம் போய் நிற்பார்.

ஓர் எச்சரிக்கை. கோப்பைத் திறந்தால் பக்கத்து லயத்து மாமாவின் பெயர் இருக்கலாம். உடனே மேலதிகாரியிடம் சொல்லி அந்தக் கோப்பை வேறொருவருக்கு மாற்றச் சொல்ல வேண்டும். வீட்டில் மூச்சு விடக்கூடாது. வாடிக்கையாளர் தகவலை வெளியிடுவது 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டப்படி குற்றம். கோவில் திருவிழாவில் வாய் தவறி வந்த ஒரு சொல், ஒரு குடும்பத்தைத் தலைகுனிய வைத்துவிடும்.

பயிற்சி முடியுமுன் மேலதிகாரியிடம் ஒன்று கேட்டுப் பெறுங்கள்: பெயர் மறைத்த, நிராகரிக்கப்பட்ட ஒரு விண்ணப்பம். மறுத்த காரணத்தைப் படிக்காமல், நீங்களே முடிவெடுத்து அரைப் பக்கம் எழுதுங்கள். பிறகு வங்கியின் காரணத்தோடு ஒப்பிட்டு, எங்கே வேறுபட்டது என்று அவரிடமே கேளுங்கள்.